‘பிவில்டர்ட்’ என்பதற்குக் ‘குழப்பம்’ என்று எழுதினால் போதுமா?

கேட்டவர் எழுதியது இது: “‘பிவில்டர்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் ‘குழம்பிய’ என்று போட்டிருக்கிறது. ‘கன்ஃபியூஸ்ட்’டுக்கும் அதுதான், ‘பர்ப்ளெக்ஸ்ட்’டுக்கும் அதுதான். ஒரே பொருளுக்கு இத்தனை சொற்கள் எதற்கு? ‘பிவில்டர்’ என்பதற்குள் ‘வைல்ட்’ தெரிகிறதே, அதற்கும் காட்டுக்கும் தொடர்பு உண்டா? ஒரு சிறுகதையை மொழிபெயர்க்கிறேன். அதில் ஒரு முதியவர் முன்பின் தெரியாத பெரிய ஊரின் ரயில் நிலையத்தில் இறங்கி ‘பிவில்டர்ட்’ ஆக நிற்கிறார். ‘குழப்பத்துடன் நின்றார்’ என்று எழுதியிருக்கிறேன். ஏதோ உறுத்துகிறது.”

இதில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. சொல்லின் வேர் எது, அந்த வேர் இன்றைய பொருளை எவ்வளவு தூரம் ஆள்கிறது, தமிழில் எதை எழுதுவது. உங்கள் உறுத்தல் சரியானதுதான். அது எங்கிருந்து வருகிறது என்பது வேரைப் பார்த்தால் தெரியும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

காடு உண்டு. ஆனால் அது ‘வைல்ட்’ என்ற சொல்லிலிருந்து நேராக வரவில்லை, ‘வில்டர்னெஸ்’ வழியாகச் சுற்றி வருகிறது. ‘பிவில்டர்’ என்ற வினை எழுத்தில் முதலில் கிடைப்பது 1680-களில். அதற்குச் சுமார் எழுபது ஆண்டுகள் முன்பே ‘வில்டர்’ என்ற வினை வழக்கில் இருந்தது. ஒருவரை வழி தப்பச் செய்வது, போக்கிடம் தெரியாத இடத்தில் கொண்டுபோய் விடுவது என்பது அதன் பொருள். அதன் முன் ‘பி’ என்ற முன்னொட்டு சேர்ந்தது. ஆங்கிலத்தில் இந்த ஒட்டு ‘சுற்றிலும், முழுக்க’ என்ற அழுத்தத்தைத் தரும். முற்றுகையிடுவதைக் குறிக்கும் ‘பிசீஜ்’, மாயம் வைப்பதைக் குறிக்கும் ‘பிவிட்ச்’ இரண்டிலும் இருப்பது இதே ஒட்டு. ஆக ‘பிவில்டர்’ என்றால், நாலா பக்கமும் காடாக இருக்கும்படி ஒருவரை நடுவில் விட்டுவிடுவது. இதுவரை சொன்னதில் ஐயம் இல்லை. ‘வில்டர்’ எப்படிப் பிறந்தது என்பதில்தான் ‘பெரும்பாலும்’ என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். ‘வில்டர்னெஸ்’ என்ற பெயர்ச்சொல்லின் வாலை வெட்டி வினையாக்கியிருக்கிறார்கள் என்பதே சொற்பிறப்பியலாளர்கள் பலரும் ஏற்கும் விளக்கம். ‘எடிட்டர்’ முதலில் இருந்தது, ‘எடிட்’ என்ற வினை அதிலிருந்து பிறகு வெட்டி எடுக்கப்பட்டது. அதே மாதிரிதான் இதுவும்.

‘வில்டர்னெஸ்’ என்பதையும் பிரித்துப் பார்க்கலாம். பழைய ஆங்கிலத்தில் ‘வில்ட்’ என்பது காட்டுத்தன்மை, ‘டேஓர்’ என்பது விலங்கு, ‘னெஸ்’ என்பது தன்மையையோ நிலையையோ குறிக்கும் ஈறு. காட்டு விலங்குகளின் இடம் என்று பொருள். அந்த ‘டேஓர்’தான் இன்றைய ‘டீர்’, அதாவது மான். அன்று அது எந்த விலங்குக்கும் பொதுப்பெயர். ஜெர்மன் மொழியில் விலங்கைக் குறிக்கும் சொல் இன்றும் இதன் உடன்பிறப்புதான். ஷேக்ஸ்பியரின் கிங் லியர் நாடகத்தில் எலி, சுண்டெலி முதலியவற்றைச் ‘சிறு டீர்’ என்று ஒரு வரி சொல்கிறது. அங்கே மான் என்று மொழிபெயர்த்தால் அபத்தமாகிவிடும். தமிழ் வாசகருக்கு இந்தப் பொருள்மாற்றம் புதிதாக இருக்காது. வடமொழியில் ‘ம்ருக’ என்பது முதலில் காட்டு விலங்கைப் பொதுவாகக் குறித்தது, பிறகு மானுக்குச் சுருங்கியது. தமிழுக்கு வந்த ‘மிருகம்’ பொதுப்பொருளிலேயே நிலைத்துவிட்டது. மான் என்ற பொருளோ மிருகசீரிஷம் என்ற நட்சத்திரப் பெயரில், ‘மான் தலை’யாக, ஒட்டிக்கொண்டிருக்கிறது.

உச்சரிப்பிலும் ஒரு குறிப்பு. ‘வைல்ட்’ என்று சொல்லும் நாம் ‘பிவைல்டர்’ என்று படிக்க நேர்கிறது. சரியான ஒலி ‘பி-வில்-டர்’, அழுத்தம் நடுவில். ஒற்றை அசையாக நிற்கும்போது நீண்ட உயிர், சொல் நீளும்போது குறுகிவிடுகிறது. ‘சைல்ட்’ ஆனால் ‘சில்ட்ரன்’ என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் ‘வைல்ட்’ ஆனால் ‘வில்டர்னெஸ்’ என்பதும் தங்கிவிடும்.

இனி ‘கன்ஃபியூஸ்ட்’. இதன் படமே வேறு. லத்தீனில் ‘ஃபுண்டெரே’ என்றால் ஊற்றுவது. ‘கான்’ என்றால் ஒன்றாக. இரண்டு பாத்திரத்தில் தனித்தனியாக இருந்ததை ஒரே பாத்திரத்தில் ஊற்றிவிட்டால் எது எதுவென்று பிரிக்க முடியாது. அதுதான் ‘கன்ஃபியூஷன்’. பணத்தைத் திருப்பி ஊற்றுவது ‘ரீஃபண்ட்’. ஓர் உடலிலிருந்து இன்னோர் உடலுக்கு ரத்தத்தை ஊற்றுவது ‘ட்ரான்ஸ்ஃபியூஷன்’. உருக்கி ஊற்றும் வார்ப்பாலை ‘ஃபௌண்ட்ரி’. மின்சாரம் மிஞ்சினால் உருகி விழும் ‘ஃபியூஸ்’. எல்லாம் ஒரே குடும்பம்.

இந்தப் படம் தமிழில் அப்படியே இருக்கிறது, யாரும் லத்தீனிடம் கடன் வாங்காமலே. ‘குழம்பு’ என்ற வினையைப் பாருங்கள். நீரும் சேறும் கலந்தால் குழம்பும், பல பொருள் சேர்ந்து கொதித்தால் அது குழம்பு, எண்ணங்கள் கலந்தால் மனம் குழம்பும். ‘கலங்கு’ என்பதும் குளத்து நீரிலிருந்து மனத்துக்கு வந்த சொல். இன்னும் பழைய சான்று ‘மயக்கம்’. இன்று அது தலைசுற்றலையும் நினைவிழப்பையும் குறிக்கிறது. தொல்காப்பியத்திலோ ‘மெய்ம்மயக்கம்’ என்றால் மெய்யெழுத்துகள் அடுத்தடுத்துக் கூடி நிற்பது. ஒரு வேற்றுமை உருபு நிற்க வேண்டிய இடத்தில் இன்னொன்று வந்து கலப்பதைச் சொல்லும் இயலுக்கு ‘வேற்றுமை மயங்கியல்’ என்றே பெயர். மயங்குதல் என்றால் கலத்தல். ஆகவே ‘கன்ஃபியூஸ்ட்’டுக்குக் ‘குழம்பிய’ என்று அகராதி போட்டது பொருத்தம் மட்டுமல்ல, படத்துக்குப் படம் பொருந்திய மொழிபெயர்ப்பு. சிக்கல் அதே சொல்லை மற்றவற்றுக்கும் போட்டதில்தான்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. லத்தீனில் ஊற்றுவது என்றிருந்ததால் ஆங்கிலத்தில் முதல் நாளிலிருந்தே மனக்குழப்பம் என்ற பொருள் இருந்ததாக நினைத்துவிட வேண்டாம். பிரெஞ்சு வழியாக 1300-ஐ ஒட்டி ஆங்கிலத்துக்கு வந்தபோது இந்தக் குடும்பத்துச் சொற்கள் தோல்வி, சிதைவு, தலைகுனிவு என்ற பொருள்களையே அதிகம் சுமந்தன. ‘கன்ஃபௌண்ட்’ என்ற மூத்த சகோதரச் சொல்லில் அந்த வாடை இன்னும் இருக்கிறது. பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் இரண்டாம் பத்தி எதிரிகளின் அரசியலைக் ‘கன்ஃபௌண்ட்’ செய்யும்படி கடவுளை வேண்டுகிறது. அங்கே எதிரிகளைக் குழப்பு என்பதைவிட முறியடி என்பதே பொருள். 1611-இல் வெளிவந்த ஆங்கில வேதாகமம் பாபேல் கோபுரக் கதையில் கடவுள் மனிதரின் மொழியைக் ‘கன்ஃபௌண்ட்’ செய்ததாகச் சொல்கிறது. தமிழ் வேதாகமம் அதைப் பாஷையைத் ‘தாறுமாறாக்குவது’ என்று எழுதியது. நல்ல தேர்வு, கலப்பும் சிதைவும் இரண்டும் அதில் வந்துவிடுகின்றன. ‘கன்ஃபியூஸ்’ என்று இன்று நாம் சாதாரணமாகச் சொல்லும் செய்வினை எல்லோர் வாயிலும் புழங்கத் தொடங்கியது 1800-க்குப் பிறகுதான். அதற்கு முன்பு ‘கன்ஃபியூஸ்ட்’ என்ற வடிவமே பெரும்பாலும் இருந்தது.

கலப்பு என்ற படம் இன்றைய இலக்கணத்தையும் ஆள்கிறது. இதுதான் நடைமுறையில் பயன்படும் வேறுபாடு. ‘அ’வை ‘ஆ’ என்று தவறாக எண்ணுவதை ‘கன்ஃபியூஸ் அ வித் ஆ’ என்று சொல்லலாம். அந்த இடத்தில் ‘பிவில்டர்’ரையோ ‘பர்ப்ளெக்ஸ்’ஸையோ வைக்க முடியாது. காரணம், இரண்டு பொருளை ஒன்றாக ஊற்றுவது முதல் சொல்லில் மட்டும்தான் இருக்கிறது. அதேபோல் மனிதர் அல்லாதவையும் ‘கன்ஃபியூஸ்ட்’ ஆக இருக்கலாம். ‘கன்ஃபியூஸ்ட் ஆர்க்யுமென்ட்’ என்றால் தெளிவில்லாத வாதம், ‘கன்ஃபியூஸ்ட் ஹீப்’ என்றால் தாறுமாறான குவியல். ஒரு வாதமோ குவியலோ ‘பிவில்டர்ட்’ ஆக முடியாது. வழி தெரியாமல் நிற்பதற்குக் கண்ணும் காலும் வேண்டும்.

சட்டத்திலும் புள்ளியியலிலும் இந்தச் சொல் தன் பழைய பொருளைத் துல்லியமாகக் காப்பாற்றி வைத்திருக்கிறது. இந்தியாவின் 1999-ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டம் ‘கன்ஃபியூஷன்’ என்று சொல்லும்போது, வாங்குபவர் தலையைப் பிய்த்துக்கொள்வதைச் சொல்லவில்லை. ஒரு நிறுவனத்தின் குறியை இன்னொன்றின் குறியாக எடுத்துக்கொள்வதைச் சொல்கிறது. வாங்குபவர் மனத்தில் ஒரு சந்தேகமும் இல்லாமல் முழு நம்பிக்கையோடு தவறான பொட்டலத்தை எடுத்தாலும் சட்டத்தின் கண்ணில் அது ‘கன்ஃபியூஷன்’தான். புள்ளியியலில் ‘கன்ஃபௌண்டிங்’ என்பது, ஒரு விளைவுக்கு இரண்டு காரணங்கள் கலந்துபோய் எதன் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாத நிலை. தேநீர் குடிப்பவர்களில் புகைப்பவர்களும் அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நுரையீரல் நோய்க்குத் தேநீர்தான் காரணம் என்று தோன்றிவிடும். இரண்டும் ஒரே பாத்திரத்தில் ஊற்றப்பட்டுவிட்டன.

மருத்துவக் குறிப்பில் வரும் ‘கன்ஃபியூஸ்ட்’ பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், அதைத் தவறாகப் படிப்பதால் குடும்பங்கள் பதறுகின்றன. தலையில் அடிபட்டவரின் நினைவு நிலையை அளக்க, கிளாஸ்கோவைச் சேர்ந்த டீஸ்டேல், ஜென்னெட் என்ற இரு மருத்துவர்கள் 1974-இல் ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். இன்று வழங்கும் வடிவில் கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6 என மொத்தம் 15. பேச்சில் முழு 5 வாங்குபவர் தான் யார், எங்கே இருக்கிறார், இது எந்த மாதம் என்று சரியாகச் சொல்பவர். வாக்கியமாகப் பேசுகிறார், ஆனால் இவற்றைத் தப்பாகச் சொல்கிறார் என்றால் 4. அந்த 4-க்குப் பெயர்தான் ‘கன்ஃபியூஸ்ட்’. 3 என்றால் தொடர்பில்லாத சொற்கள், 2 என்றால் பொருளற்ற ஒலி, 1 என்றால் ஒன்றுமில்லை. எனவே வீட்டுக்கு அனுப்பும் தாளில் இந்தச் சொல்லைப் பார்த்து ‘மனக்குழப்பம்’ என்று மொழிபெயர்த்தால், முடிவெடுக்க முடியாத நிலை என்றோ மனநோய் என்றோ உறவினர் எடுத்துக்கொள்வார்கள். ‘இடம், காலம், ஆள் அடையாளத்தில் தடுமாற்றம்’ என்று விரித்து எழுதுவதே நேர்மை. இதனோடு சேர்ந்து வரும், திடீரென நினைவு தடுமாறும் நிலையைக் குறிக்கும் ‘டெலீரியம்’ என்ற சொல்லுக்கும் ஓர் அழகான வேர் உண்டு. லத்தீனில் ‘லீரா’ என்றால் உழவுச் சால், ‘டே’ என்றால் விட்டு விலகி. ஏர் சாலை விட்டு விலகிப் போவதுதான் ‘டெலீரியம்’.

‘பர்ப்ளெக்ஸ்ட்’ வேறொரு கைவேலையிலிருந்து வருகிறது. லத்தீன் ‘ப்ளெக்டெரே’ என்றால் பின்னுவது, முறுக்குவது. ‘பெர்’ என்றால் முழுக்க. முழுக்கப் பின்னிக்கொண்டது. தோள்பட்டையில் நரம்புகள் பின்னிக் கிடக்கும் இடத்தை மருத்துவர்கள் ‘ப்ளெக்ஸஸ்’ என்பது இதனால்தான். ‘காம்ப்ளெக்ஸ்’ஸும் உறவு. தமிழில் இதற்கு நேரான படம் ‘சிக்கல்’. நூலிலும் தலைமுடியிலும் விழுவது சிக்கு, வாழ்க்கையில் விழுவது சிக்கல். படம் மாறியதால் பயன்பாடும் மாறுகிறது. ‘பர்ப்ளெக்ஸ்ட்’ ஆனவர் முன்னால் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட புதிர் இருக்கும். அதை அவர் உட்கார்ந்து அவிழ்க்கப் பார்க்கிறார், அவிழவில்லை, நெற்றி சுருங்குகிறது. ‘பிவில்டர்ட்’ ஆனவரிடம் அந்த ஒற்றைப் புதிர் இல்லை, சுற்றியிருப்பது எல்லாமே அவருக்குப் பிடிபடவில்லை. ஒரு கணக்கு அதிகாரி பேரேட்டில் 40 ரூபாய் உதைப்பதைப் பார்த்துப் ‘பர்ப்ளெக்ஸ்ட்’ ஆவார். பேரேடே பார்த்திராதவர் அந்த அலுவலகத்தில் முதல்நாள் ‘பிவில்டர்ட்’ ஆவார்.

‘நான்ப்ளஸ்ட்’ என்பதை மட்டும் கவனமாகக் கையாளச் சொல்வேன். ‘நான் ப்ளுஸ்’ என்ற லத்தீன் தொடருக்கு ‘இதற்கு மேல் இல்லை’ என்று பொருள். 1580-களில் பெயர்ச்சொல்லாக வந்தது. வாதம் முட்டிக்கொண்டு, மேலே சொல்லவோ செய்யவோ ஒன்றும் இல்லாத நிலை. தமிழில் ‘கையற்ற நிலை’ என்பதற்குப் பக்கத்தில் வரும், துயரத்தை மட்டும் கழித்துவிட வேண்டும். ‘மேலே பேச வாய் வரவில்லை’ என்று விரித்து எழுதுவது இன்னும் பொருத்தம். சிக்கல் என்னவென்றால், வட அமெரிக்காவில் இந்தச் சொல்லை நேர்மாறாக, ‘கொஞ்சமும் அசராமல்’ என்ற பொருளில் ஆளும் வழக்கம் வளர்ந்துவிட்டது. முன்னால் ‘நான்’ இருப்பதால் ஏதோ ஒன்றை மறுக்கிறது என்று காது எடுத்துக்கொண்டதே காரணமாக இருக்கலாம். ‘ப்ளஸ்ட்’ என்று தனியாக அப்படி ஒரு சொல் கிடையாது. அமெரிக்க அகராதிகள் இந்தப் புதுப்பொருளையும் பதிவு செய்கின்றன. ஆகவே அமெரிக்க உரைநடையில் இது வந்தால் அடுத்த வாக்கியத்தைப் படியுங்கள். அவர் பேச்சிழந்து நின்றால் பழைய பொருள், தோளைக் குலுக்கிவிட்டு வேலையைத் தொடர்ந்தால் புதிய பொருள். நீங்களே ஆங்கிலத்தில் எழுதும்போது இந்தச் சொல்லைத் தவிர்ப்பதே நல்லது, வாசிப்பவரில் பாதிப் பேர் தலைகீழாக எடுத்துக்கொள்ளக்கூடும்.

‘பிம்யூஸ்ட்’டிலும் இதே ஆபத்து வேறு வடிவில் இருக்கிறது. ‘அம்யூஸ்ட்’ போல ஒலிப்பதால் ‘லேசான சிரிப்போடு’ என்று பலர் எழுதுகிறார்கள். மூலப்பொருள் சிந்தனையில் மூழ்கி மந்தமாகிப்போன நிலை. ஆங்கிலக் கவிஞர் அலெக்சாண்டர் போப் 1735-இல் பீரில் ‘பிம்யூஸ்ட்’ ஆன ஒரு பாதிரியாரைப் பற்றி எழுதினார், அங்கே சிரிப்பு இல்லை, மப்பு இருக்கிறது. கலைகளின் தேவியரான ‘மியூஸ்’களிலிருந்து இது வந்தது என்று சொல்வது தவறு. பழைய பிரெஞ்சில் ‘ம்யூஸே’ என்றால் வெறித்துக்கொண்டு பொழுதைக் கழிப்பது, அதுவே வேர். ‘அம்யூஸ்’ஸும் அதே வேரிலிருந்துதான், அதன் தொடக்ககாலப் பொருள்களில் ஒன்று கவனத்தைத் திருப்பி ஏமாற்றுவது. அந்தப் பிரெஞ்சுச் சொல் நாயின் மூக்கு என்ற சொல்லிலிருந்து, நாய் தலை தூக்கி மோப்பம் பிடித்து நிற்கும் காட்சியிலிருந்து வந்தது என்று ஒரு விளக்கம் உண்டு. காட்சி கண்ணில் நிற்கிறது, ஆனால் உறுதி செய்யப்படாத விளக்கம்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ‘மடில்ட்’ சேற்றைக் குறிக்கும் ‘மட்’ வழியாக வந்தது, நம் ‘கலங்கிய’ என்பதற்கு நேர். ‘ஆடில்ட்’ அழுகிய முட்டையைக் குறிக்கும் சொல், மூளைக்கு ஏறியது 17-ஆம் நூற்றாண்டில். நம் ஊரில் மூளை வேலை செய்யாதவரைக் கூமுட்டை என்பதும் அதே கூழாகிப்போன முட்டைதான். ‘பாஃபில்’ 16-ஆம் நூற்றாண்டில் சொல் தவறிய வீரனை ஊரறிய அவமானப்படுத்தும் தண்டனையைக் குறித்தது. பிறகு ஏமாற்றுவது, முயற்சியைத் தடுப்பது, அதற்குப் பிறகு புரியாமல் முட்டிக்கொள்ள வைப்பது என்று பொருள் நகர்ந்தது. டேங்கர் லாரியின் உள்ளே திரவம் அலைமோதாமல் தடுக்கும் தகட்டுக்கு ‘பாஃபில்’ என்று பெயர் வந்தது அந்தத் தடுக்கும் பொருளால். ‘பஸில்’ எங்கிருந்து வந்தது என்பது முடிவாகாத ஒன்று. தெரிந்தது இவ்வளவுதான்: வினை முதலில், 1590-களில், வந்தது. நாம் கையில் எடுத்து விளையாடும் பொருளுக்கு அந்தப் பெயர் பிந்தியது. நிலைகுலைந்துபோனதைக் குறிக்கும் ‘டிஸ்கம்பாபுலேட்டட்’ 1830-களில் அமெரிக்காவில் லத்தீன் மாதிரி ஒலிக்கட்டும் என்று விளையாட்டாகக் கட்டிய சொல், அதற்குள் வேர் தேட வேண்டாம். அமெரிக்காவின் மில்வாக்கி விமான நிலையத்தில் சோதனை முடிந்து பெல்ட்டும் ஷூவும் மாட்டிக்கொள்ளும் இடத்துக்கு 2008 முதல் ‘ரீகம்பாபுலேஷன் ஏரியா’ என்று பலகை தொங்குகிறது.

‘மேஸ்’ என்ற சொல் இவற்றில் தனித்து நிற்கிறது. ‘பிவில்டர்’ இடத்திலிருந்து மனத்துக்கு வந்தது. ‘மேஸ்’ மனத்திலிருந்து இடத்துக்குப் போனது. 1300 வாக்கில் அது மதிமயக்கத்தையே குறித்தது. வளைந்து வளைந்து வெளியே வர முடியாத பாதைக்கு அந்தப் பெயர் அடுத்த நூறு ஆண்டுகளில்தான் வந்தது. ‘அமேஸ்’ என்பதும் அந்தக் காலத்தில் அறிவு கலங்கச் செய்வது. வியப்பு என்ற இன்றைய இனிய பொருள் ஷேக்ஸ்பியர் காலத்தில் தலைகாட்டி மெல்ல மெல்ல மற்றதைத் தள்ளிவிட்டது.

இதிலிருந்து உங்கள் இரண்டாவது கேள்விக்கு வரலாம். வேர் இன்றைய பொருளை ஆள்கிறதா? சில சொற்களில் ஆள்கிறது, சிலவற்றில் இல்லை. எது எங்கே என்பதை வேரைப் பார்த்துச் சொல்ல முடியாது, வழக்கைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ‘அமேஸ்ட்’ என்றால் மூலத்தின்படி மதிகலங்கியவர் என்று இன்று யாராவது வாதிட்டால் அது பிழை. ‘பிவில்டர்ட்’டில் காடு இன்னும் உயிரோடு இருக்கிறது என்று நான் சொல்வதற்கு ஆதாரம் வேர் அல்ல, அது சேரும் துணைச்சொற்கள். ‘பிவில்டரிங் வெரைட்டி’, ‘பிவில்டரிங் நம்பர்’, ‘பிவில்டரிங் அர்ரே’ என்று எண்ணிக்கை மிகுந்தவற்றோடுதான் அது அதிகம் சேர்கிறது. ‘பர்ப்ளெக்ஸிங்’ என்பதோ ‘கேள்வி’, ‘புதிர்’ போன்ற ஒருமைச் சொற்களோடு சேர்கிறது. இதை நீங்களே சோதிக்கலாம். சந்தேகமான சொல்லுக்குப் பத்து எடுத்துக்காட்டு வாக்கியங்களைத் திரட்டி, அதை அடுத்து வரும் பெயர்ச்சொல் எது, பின்னால் வரும் இடைச்சொல் எது என்று குறித்து வாருங்கள். ஆக்ஸ்ஃபோர்டின் பெரிய அகராதி பொருள்களைக் கால வரிசையில் அடுக்கும். அதனால் அங்கே முதலில் நிற்பது மிகப் பழைய பொருள், இன்று செத்துப்போனதாகவும் இருக்கலாம். மாணவர் அகராதிகளோ பெரும்பாலும் இன்று அதிகம் வழங்கும் பொருளை முதலில் தரும். இரண்டையும் ஒரே கண்ணோடு படிப்பதில் பல பிழைகள் பிறக்கின்றன.

தமிழர் ஆங்கிலம் எழுதும்போது இந்தச் சொற்களில் அடிக்கடி விழும் ஒரு பிழையையும் சொல்ல வேண்டும். ‘ஐ ஆம் கன்ஃபியூசிங்’. ‘நான் குழம்பியிருக்கிறேன்’ என்று நினைத்துக்கொண்டு ‘நான் பிறரைக் குழப்புகிறவன்’ என்று சொல்லிவிடுகிறார்கள். பேச்சுத்தமிழில் ‘கன்ஃபியூஸ் ஆயிட்டேன்’, ‘கன்ஃபியூஸ் பண்ணாதே’ என்று வேறுபாட்டை ‘ஆகு’, ‘பண்ணு’ என்ற துணைவினைகள் சுமக்கின்றன, ஆங்கிலச் சொல் மாறாமல் நிற்கிறது. ஆங்கிலத்தில் இப்படி ‘ஆகு’, ‘பண்ணு’ சேர்ப்பதில்லை என்பதால் அந்தச் சுமை சொல்லின் ஈற்றுக்குப் போகிறது. இதற்குத் தமிழ் இலக்கணமே ஒரு கருவி தருகிறது. குழம்பு – குழப்பு, கலங்கு – கலக்கு, மயங்கு – மயக்கு. மெல்லின மெய் வரும் வடிவம் தன்வினை, வல்லின மெய் வரும் வடிவம் பிறவினை. ‘குழம்பிய’ என்று மெல்லினம் வந்தால் ‘கன்ஃபியூஸ்ட்’, ‘குழப்பும்’ என்று வல்லினம் வந்தால் ‘கன்ஃபியூசிங்’. குழம்பியவர் ‘கன்ஃபியூஸ்ட்’, குழப்பும் கேள்வி ‘கன்ஃபியூசிங்’. மனத்துக்குள் ஒருமுறை தமிழில் சொல்லிப் பார்த்தால் பிழை வராது.

இனி உங்கள் முதியவர். அவரிடம் இரண்டு எண்ணங்கள் கலந்துபோகவில்லை, எனவே ‘குழப்பம்’ அவருக்குப் பொருந்தவில்லை. ‘குழப்பத்துடன் நின்றார்’ என்றால் இந்த ரயிலா அந்த ரயிலா என்று முடிவெடுக்க முடியாமல் நிற்பவராகத் தெரிகிறார். உங்கள் உறுத்தல் அதுதான். ‘சிக்கல்’ சொற்களும் வேண்டாம். ‘மலைத்து நின்றார்’ என்றால் நிலையத்தின் பிரம்மாண்டம் முன்னே வந்துவிடும், அவர் பயம் பின்னே போய்விடும். ஆசிரியர் கட்டடத்தை வருணித்திருந்தால் மட்டும் அதை எடுங்கள். ‘திணறினார்’ என்றால் கூட்டம் நெருக்க வேண்டும். ‘பேந்தப் பேந்த விழித்தார்’ என்பது பார்வையை அப்படியே பிடித்துவிடும், ஆனால் பார்ப்பவர் அவரைக் கொஞ்சம் இளக்காரமாகப் பார்ப்பது போலாகும். ‘திருதிருவென’ என்றால் ஏதோ தப்புச் செய்து மாட்டிக்கொண்டவர் ஆகிவிடுவார். ‘தடுமாறினார்’ என்றால் வயதின் தளர்ச்சி என்று வாசகர் நினைப்பார்.

‘பிவில்டர்’ வேரோடு கொண்டுவந்த காட்டுக்குத் தமிழில் ஒரு வழக்கு ஏற்கெனவே இருக்கிறது: கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல. பேச்சில் இதைவிடப் பொருத்தமானது கிடையாது. கதைசொல்லி பேச்சுநடையில் சொல்கிறார் என்றால் தயங்காமல் எழுதுங்கள். மூலத்தில் ஒற்றைச் சொல்லாக, குரலை உயர்த்தாமல் வந்திருக்கிறது என்றால் உவமை அங்கே கனத்துவிடும். அப்போது திசை இழந்ததையும் கால் நின்றுபோனதையும் மட்டும் வைத்துக்கொள்ளலாம்: ‘ரயிலை விட்டு இறங்கியவர் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் திகைத்து நின்றார்.’ அடுத்த வாக்கியத்தில் யாராவது வந்து அவரிடம் வழி சொல்வதாக இருந்தால், ‘திக்குத் தெரியாமல் நின்றார்’ என்று இன்னும் சுருக்கிவிடலாம்.